தவறிய மறுநாள்

டெல்பினின் இடது காதுக்குப் பின்னாலிருந்து தொடக்கியை எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அரிசியைவிடச் சிறிய அந்தப் பொருளை டாக்டர் மெஹ்ராஜ் கண்ணாடித் தட்டில் வைத்துக் காட்டினார். அதைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது.

“உங்க உடம்பு இத ஏத்துக்கல. இருபது மாசம் தாங்கினதே பெரிய விஷயம்.”

“அந்தப் பக்கக் காதுல வச்சிருங்க டாக்டர்.”

“இப்ப முடியாது. ரத்தத்துல கிருமி முழுசா போகணும். ஒரு வருஷம் கழிச்சு வாங்க, பாக்கலாம்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் நீங்களா நடங்க, நீங்களா பாத்துச் சாப்பிடுங்க,” என்றார் டாக்டர். “தொடக்கி உங்களுக்குப் புதுசா எதுவும் குடுக்கல. நடக்கணும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரியுறதுக்கும் கால் தரையில படுறதுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்குல்ல? ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’னு நினைக்கிற இடம். அந்தப் பள்ளத்த இது தாண்டி வச்சது. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்றால் பெரிய விஷயமில்லை என்று டெல்பின் நினைத்துக்கொண்டாள். நாற்பத்தாறு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தின் ஒரு சரக்கு முனையத்தில், இன்னும் ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் நான்கு கிரேன்களில் ஒன்று அவளுடையது. நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கண்டெய்னரைக் கப்பலின் வயிற்றுக்குள் விரற்கடை பிசகாமல் இறக்குகிறவளுக்குக் காலையில் எழுந்து நடப்பதா கஷ்டம்?

பதினோரு நாள் நடந்தாள். பன்னிரண்டாம் நாள் மழை. பதின்மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. ஆனால் படுக்கையில் கிடந்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எழுந்திருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. அடுத்த வாரம் ஒரு கல்யாணம். அதற்கடுத்த வாரம் யாரோ மக்ரூன் இனிப்பு டப்பா கொண்டுவந்து கொடுத்தார்கள். ‘ஒண்ணுதானே’ என்று எடுத்தாள். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த தூளைக்கூட விரலால் தொட்டு நக்கிய பிறகுதான் மூடினாள்.

எட்டு மாதம் அப்படியே போயிற்று. முனையத்தின் பதிவேட்டில் அவளுடைய பழைய தொடக்கி எண்ணே இருந்ததால், அவளைக் கிரேனிலிருந்து யாரும் இறக்கவில்லை.

முனையத்தின் ஆண்டுப் பரிசோதனையில் அவளுடைய மூன்று மாதச் சர்க்கரை அளவு ஒன்பது புள்ளி எட்டு. போன வருடம் ஆறு புள்ளி நான்கு. கிரேன் ஏறுகிறவர்களுக்கு ஏழரைதான் எல்லை. கண்ணின் பின்திரையில் ஒரு சின்ன ரத்தக்கசிவும் தொடங்கியிருந்தது. இப்படியே விட்டால் வேலை மட்டுமல்ல, கண்ணே போய்விடும் என்று சொன்னார்கள்.

மேலாளர் கோட்டைச்சாமி அவளை உட்கார வைத்துத்தான் பேசினார். “நாலு மாசம் டைம் தாரேன். அதுவரைக்கும் கீழ வேலை. அதுக்கப்புறமும் அளவு இறங்கலன்னா நிரந்தரமா கீழதான். எனக்கு வேற வழி இல்ல டெல்பின்.”

கீழே என்றால் கண்டெய்னர்களின் பூட்டுக் கம்பிகளை மாட்டுவதும் கழற்றுவதும். அங்கே வேலை செய்த முப்பது பேரில் ஒருவருக்கும் தொடக்கி கிடையாது. சிலருக்கு உடம்பு ஏற்கவில்லை; சிலருக்கு மருத்துவப் பட்டியலில் இடம் வரவில்லை; சிலர் பயந்து வைத்துக்கொள்ளவில்லை. ‘தொடக்கி இல்லாதவர்களை நம்பிப் பெரிய எந்திரத்தைக் கொடுக்க முடியாது’ என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் கொடுப்பதில்லை. டெல்பினும் மேலிருந்து அவர்களைப் பார்த்து, ‘ஒரு ஒழுங்கு இல்லாத கூட்டம்’ என்று நினைத்தவள்தான்.

முதல் நாள் அவளுக்குக் கையுறை கொடுத்தவள் இசக்கி. டெல்பினைவிட இரண்டு வயது இளையவள். கனத்த தோள், கட்டைக் குரல்.

“வாங்க கிரேன் மேடம். மேல காத்து நல்லா வரும்லா? இங்க புழுதி மட்டுந்தான்.”

டெல்பின் கையுறையை மாட்டிக்கொண்டு நகர்ந்தாள்.

அன்று மாலையே வீட்டில் ஒரு பெரிய திட்டம் போட்டாள். அதிகாலை ஐந்துக்கு எழுந்து ஆறு கிலோமீட்டர். காலைச் சாப்பாடு கிடையாது. மதியம் காய்கறி மட்டும். இரவு ஒரு டம்ளர் மோர். எட்டு மாதக் கடனையும் எட்டே நாளில் தீர்த்துவிடுகிற வேகம் அவளுக்கு.

கணவன் ஆன்ஸ்லின் அதைப் படித்துவிட்டு, “அடேயப்பா,” என்றான். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். எட்டு வருடமாகத் தொடக்கி வைத்திருப்பவன். தினமும் ஐந்து இருபதுக்கு அவன் கால்கள் கட்டிலிலிருந்து இறங்கும். காய்ச்சலானாலும் சரி, தேர்வு நாளானாலும் சரி. “நாம ரெண்டு பேரும் சேந்தே போலாமே.”

இரண்டு நாள் சேர்ந்தே போனார்கள். மூன்றாம் நாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கேட்டைத் திறக்கும்போது டெல்பினுக்குக் கண் இருட்டியது. சாப்பிடாமல் மாத்திரை போட்டிருந்தாள். கேட்டைப் பிடித்தபடி வழுக்கிச் சிமெண்டுத் தரையில் சரிந்தாள்.

ஆன்ஸ்லின் ஓடிவந்து தாங்கினான். சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றினான். தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல,” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவளுக்கு மெல்லத் தெளிந்தது. தெளிந்ததும் முதலில் உணர்ந்தது தன் தலைக்குக் கீழே ஓர் அசைவை. அவன் தொடை துடித்துக்கொண்டிருந்தது. பாதங்கள் தரையைத் தட்டின. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

மணி ஐந்து இருபத்தைந்து.

“போயிட்டு வாங்க,” என்றாள்.

“மாட்டேன்.”

“எனக்கு ஒண்ணுமில்ல. இங்கனயே உக்காந்திருக்கேன். போங்க.”

அவன் போகவில்லை. அரைமணி நேரம் அவளைப் பிடித்தபடியே இருந்தான். நெஞ்சு முட்ட மூச்சை அடக்கிக்கொண்டிருப்பவன் மாதிரி இருந்தது அவன் முகம். பிறகு அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, “பத்தே நிமிஷம்,” என்று தெருவில் இறங்கியவன், ஆறு கிலோமீட்டரும் முடித்துத்தான் திரும்பினான். வந்ததும் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். அழுகிறான் என்று டெல்பினுக்குத் தெரிந்தது. உள்ளே போய் அவன் முதுகில் கை வைத்தாள்.

அன்றோடு அந்தப் பெரிய திட்டம் நின்றது. அடுத்த ஆறு நாள் அவள் நடக்கவில்லை. ஏழாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கண்டெய்னர் நிழலில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது இசக்கி பக்கத்தில் வந்து அமர்ந்தாள். அவளுடைய டப்பாவில் கேழ்வரகுப் புட்டும் அவித்த பயறும் இருந்தன.

“யக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியளே? அது உள்ள இருக்கும்போது எப்படி இருக்கும்?”

டெல்பின் யோசித்தாள். “ஒண்ணுமே இருக்காது. காலைல கண்ண முழிப்பேன், நடந்துக்கிட்டு இருப்பேன். நடுவுல எதுவும் இருக்காது.”

“நடந்ததுல சந்தோசம் இருக்குமா?”

“உடம்பு லேசா இருக்கும்.”

“அதக் கேக்கல. நாம நடந்துட்டோம்லான்னு ஒரு இது இருக்குமா?”

டெல்பின் பரோட்டாவைக் கீழே வைத்தாள். இருபது மாதங்களில் ஒரு காலையைக்கூட அவளால் தனியாக நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

“எனக்கும் சக்கரைதான்,” என்றாள் இசக்கி. “ஏழு வருசமாச்சு. எத்தன தடவ விட்டிருப்பேன்னு நெனைக்கிய? கணக்கே இல்ல. எங்க அண்ணன் செத்தப்ப மூணு மாசம் விட்டேன். மக வீட்டுக்குப் போனா ஒரு வாரம் போயிரும். சும்மாவே விட்ட நாளும் உண்டு.”

“விட்டுட்டு என்ன செய்வ?”

“என்ன செய்ய? மறுநாள் திரும்ப ஆரம்பிப்பேன்.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன இருக்கு? ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிட்டேன். விட்ட நாளுக்குச் சேத்து நடக்கக் கூடாது. வழக்கத்தவிடக் கொறச்சு நடக்கணும். பத்து நிமிசம். எந்திரிச்சு வந்துட்டேன்னு உடம்புக்குச் சொன்னாப் போதும்.”

இசக்கி டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு சாதாரணப் பேச்சு. டெல்பினோ வேலை மணி அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தொடக்கி இருந்தபோது அவள் ஒருநாளும் தவறியதில்லை. அதனாலேயே, தவறிய மறுநாள் என்ன செய்வது என்பது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது. அது தனியாகப் பழக வேண்டிய ஒரு வேலை என்றுகூட அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் காலை ஆறே காலுக்கு எழுந்தாள். ஆன்ஸ்லின் எப்போதோ கிளம்பிப் போயிருந்தான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பள்ளம் அங்கேயே இருந்தது. ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம். முழங்கால் வலித்தது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். ‘பத்து நிமிஷம் மட்டும்,’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுந்து நின்றாள். நின்ற பிறகு நடப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. மீன் ஏலக்கூடத்தின் பின்சுவர் வரை போய்த் திரும்பினாள்.

ஆறு நாள் நடந்தாள். ஏழாம் நாள் விட்டாள். எட்டாம் நாள் பத்து நிமிடம் நடந்தாள்.

இதைச் சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. அந்த எட்டாம் நாள்களில் ஒன்றுகூட எளிதாக இருக்கவில்லை. ஒருமுறை ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக்கில் தொடங்கி இரண்டு நாள் கண்டதையும் தின்றாள். ஒருமுறை எந்தக் காரணமும் இல்லாமல் ஐந்து நாள் படுத்தே கிடந்தாள். அப்போதெல்லாம் ‘நீ இவ்வளவுதான்’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலோடு அவள் வாதாடவில்லை. அது பேசிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டக் கற்றுக்கொண்டாள். வேலை முடிந்ததும் டீக்குச் சர்க்கரை வேண்டாமென்று சொல்ல ஆரம்பித்தாள். டீக்கடைக்காரருக்கு அது பழகுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. மதியத்துக்கு இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் பயறும். பூட்டுக் கம்பிகளைத் தூக்கித் தூக்கித் தோள் இறுகியது. இசக்கி அவளைக் கிரேன் மேடம் என்று கூப்பிடுவதை எப்போதோ விட்டிருந்தாள்.

நான்காம் மாதம் முடிவதற்குள் டாக்டர் மெஹ்ராஜிடமிருந்து அழைப்பு வந்தது. ஒரு வருடம் ஆகிவிட்டது. வலது பக்கத்தில் வைக்கலாம். அதற்கு முன் ஒரு மூளைப் படம் எடுக்க வேண்டும்.

படத்தைத் திரையில் போட்ட டாக்டர் ஓர் இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“என்ன டாக்டர், கோளாறா?”

“இல்ல. இந்த இடத்தப் பாருங்க. அன்னைக்குப் பள்ளம்னு சொன்னேன்ல? நினைப்பு செயலா மாறுற பாதை இது. தொடக்கி வச்சிருக்கிறவங்களுக்கு இந்த இடம் மங்கலா இருக்கும், ஏன்னா வேலையே இல்ல. உங்களோடதும் போன வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப பாருங்க.”

திரையில் அந்த இடம் வெளிச்சமாகத் தெரிந்தது.

“நாலு மாசத்துல எத்தன நாள் விடாம நடந்தீங்க?”

“விடாமலா? நல்லாக் கேட்டீங்க. பத்தொம்பது தடவ விட்டேன்.”

“பத்தொம்பது தடவ விட்டு…”

“பத்தொம்பது தடவ ஆரம்பிச்சேன்.”

டாக்டர் தலையசைத்தார். “அப்ப இது நடந்ததால வந்தது இல்ல டெல்பின். ஆரம்பிச்சதால வந்தது. ஒவ்வொரு தடவ திரும்ப எந்திரிக்கும்போதும் இந்தப் பாதை கொஞ்சம் தடிச்சிருக்கு.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “தொடக்கிய இப்ப வைக்கலாம். வைக்க ஒரு தடையும் இல்ல. ஆனா வச்சா இது திரும்ப மங்கிரும். முடிவு உங்களோடது.”

“வேண்டாம்,” என்றாள் டெல்பின். யோசிப்போம் என்றுதான் அவளே எதிர்பார்த்திருந்தாள். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

எழுந்து கதவுவரை போனவளை டாக்டர் கூப்பிட்டார். “ஒரு நிமிஷம். திரும்ப ஆரம்பிச்ச அந்த முதல் நாள்… கட்டில்ல இருந்து எப்படி எந்திரிச்சீங்க?” கேட்கும்போது அவர் முகத்தில் மருத்துவர் இல்லை. “எனக்கு வச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு. அதான் கேட்டேன்.”

டெல்பின் திரும்பி வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அந்த வாரமே முனையத்தின் பரிசோதனை. ஏழு புள்ளி இரண்டு. கண்ணில் கசிவு நின்றிருந்தது.

கோட்டைச்சாமி காகிதத்தை இரண்டு முறை படித்தார். “நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. தொடக்கி எண் எழுதுற இடம் காலியா இருக்கே? புதுசு வச்சாச்சுல்ல?”

“இல்ல சார். வைக்கல. வைக்கப் போறதும் இல்ல.”

அவர் காகிதத்தை மேசையில் வைத்தார். “டெல்பின், தொடக்கி இல்லாத ஆள இதுவரைக்கும் மேல ஏத்துனதில்ல. இன்னைக்கு நீங்க சரியா இருக்கிய. நாளைக்குத் திரும்ப விட்டுட்டா?”

“விடுவேன் சார்.”

அவர் நிமிர்ந்தார்.

“கண்டிப்பா விடுவேன். பொய் சொல்ல மாட்டேன். ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு மழை வந்தா விட்டுருவேன். ஆனா விட்டா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். போன வருசம் தெரியாது. அதான் எட்டு மாசம் விழுந்து கிடந்தேன்.” அவள் குரல் உயரவில்லை. “உங்க மத்த மூணு கிரேன்லயும் உக்காந்திருக்கிற ஆளுங்க ஒருநாளும் விட்டதில்ல. நானும் அப்படித்தான் இருந்தேன். அவங்கள்ல ஒருத்தருக்கு நாளைக்கு அது நின்னுபோச்சுன்னா, மறுநாள் அவரு என்ன செய்வாரு? கேட்டுப் பாருங்க சார்.”

கோட்டைச்சாமியின் கை தன்னையறியாமல் காதுக்குப் பின்னால் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“மாசாமாசம் ரத்தம் குடுக்கணும்,” என்றார் கடைசியில்.

“வாராவாரம் வேணும்னாலும் தாரேன்.”

அவர் கையெழுத்துப் போட்டார்.

கிரேன் ஏணியில் அவள் ஏறியபோது கீழே முப்பது பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தொடக்கி இல்லாத ஒருத்தி எல்லோருக்கும் தெரிந்தே அந்த ஏணியில் ஏறுவது அதுதான் முதல் முறை. இசக்கி இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தாள். எதிரே நின்ற கப்பலின் மாலுமிகள் என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்த்தார்கள். நாற்பது மீட்டர் உயரத்தில் கூண்டுக் கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அடித்தது. மூச்சு வாங்கியது. அந்த மூச்சு வாங்குவதுகூட டெல்பினுக்குப் பிடித்திருந்தது. முதல் கண்டெய்னரைத் தூக்கி, நகர்த்தி, கப்பலின் வயிற்றுக்குள் வைத்தாள். கீழே இசக்கி பூட்டை மாட்டிவிட்டுக் கையை உயர்த்தினாள். கீழே இறங்கும்வரை அந்தக் கை யாருடையது என்று அவள் பார்த்ததே இல்லை.

வீட்டில் ஆன்ஸ்லின் கோழிக்குழம்பு வைத்திருந்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னான். “நான் எடுத்துரலாம்னு இருக்கேன்.”

“எத?”

அவன் காதைத் தொட்டுக் காட்டினான். “அன்னைக்கு நீ என் மடியில கிடந்த. என் மனசு உன்கிட்ட இருந்துச்சு. காலு இல்ல. அத என்னால மறக்க முடியல டெல்பின்.”

எடுத்துவிட்டார்கள். மறுநாள் ஐந்து இருபது ஆயிற்று, ஆன்ஸ்லின் எழவில்லை. ஏழரைக்கு எழுந்து, பேந்தப் பேந்த விழித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மூன்று வாரத்தில் வயிறு சட்டைக்குள் இறுகியது. டெல்பின் நடந்துவிட்டு வரும்போது அவன் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தானே அவனுக்கு ஒரு தொடக்கியாகிவிடுவோம் என்று பட்டது.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது. படுக்கையில் கிடந்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து நிமிடம் என்று நினைக்கும்போதே முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் தடவிப் பார்த்தாள். ஆன்ஸ்லின் இல்லை. பால் வாங்கப் போயிருப்பான் என்று நினைத்தாள்.

சற்று நேரத்தில் திரும்பி வந்தான். கையில் பால் இல்லை. காலில் நடைக்கான காலணி, அதுவும் நாடாக்கள் கட்டப்படாமல். முகம் சிவந்து, மூச்சு இரைத்தது.

“எங்க போனிய?”

“சர்ச்சு வரைக்கும்,” என்றான். “போயிட்டு வந்துட்டேன். ஏழு நிமிஷம்.”

எட்டு வருடத்தில் பதினேழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்த மனிதன் அவன். அந்த நடைகளில் ஒன்றைப் பற்றியும் அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான். எழுந்திருக்கும்போது இடுப்பு எப்படிப் பிடித்தது, வாசலில் இருந்து திரும்பி வந்துவிடலாமா என்று எப்படித் தோன்றியது, சர்ச் வாசலில் ஒரு கிழட்டு நாய் அவனை எப்படி ஏற இறங்கப் பார்த்தது, வானம் எந்தப் பக்கம் வெளுத்திருந்தது. டெல்பின் எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான்.

“வாங்க, நடந்துக்கிட்டே சொல்லுங்க,” என்றாள்.